பெயர்ப்பி மாறினால் அளவும் மாறுமா?

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கருத்தைக் கொண்டுசெல்பவர் மொழிபெயர்ப்பாளர். மனிதர் எழுதும் நிரலைக் கணினி அறியும் மொழிக்குக் கொண்டுசெல்வது நிரல்பெயர்ப்பி. வண்டியின் பிரேக்கும் மருத்துவமனையின் கருவியும் வானூர்தியும் இப்பெயர்ப்பியை நம்பியே இயங்குகின்றன. பெயர்ப்பியை மாற்றும்போது, பழைய சோதனைகளின் அளவை அப்படியே நம்பலாமா? அளவுகளைப் படிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லையோரத்து ஊர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்குத் தெற்கே அமைந்துள்ளது மத்திகிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைக்குரிய குதிரைகளை வளர்த்த பண்ணை இங்கே இருந்தது. அப்பண்ணையே பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறியது. இன்று அந்த ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. 1980ஆம் ஆண்டு இருவர் அமரத்தக்க மொபெட் வண்டி ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. சரக்குந்துகள், கைக்கடிகாரங்கள், இயந்திர உதிரிப் பாகங்கள் எனப் பலவும் ஓசூர் வட்டாரத்தில் உருவாகின்றன. அண்மை ஆண்டுகளில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இயங்கத் தொடங்கியுள்ளன.

கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியின் கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒருங்கே ஒலிக்கும். ஒரே செய்தி நாள்தோறும் மூன்று நான்கு மொழிகளில் பெயர்க்கப்படும் இடம் அது. பெயர்ப்பவர் மாறினால் சொற்களின் எண்ணிக்கை மாறும். சொல்லின் அழுத்தம் மாறும். சில வேளைகளில் பொருளும் சற்றே மாறும். சந்தையில் அம்மாற்றத்தைக் கேட்டவரே அப்போதே திருத்திக்கொள்வார். வண்டிக்குள் இருக்கும் நிரலுக்கு அவ்வாறு திருத்த அருகில் ஒருவர் இருப்பதில்லை.

இரும்புக்குள் எழுத்து

முற்காலத்து இரு சக்கர வண்டியில் எரிபொருளையும் காற்றையும் கலந்து தந்தது கார்புரேட்டர் என்னும் உறுப்பு. அதில் நிரல் ஏதும் இல்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், இரு சக்கர வண்டிகளில் எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் அமைப்பு பரவலாயிற்று. அதற்கு முன்பே, 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வகை வண்டிகளுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் அனைத்து வண்டிகளுக்கும் அவ்விதி பொருந்தியது.

இவ்வமைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கணினி உண்டு. சக்கரத்தின் வேகத்தையும் மின்கலத்தின் வெப்பத்தையும் பிரேக்கின் நிலையையும் அது நொடிக்குப் பலமுறை படித்து முடிவெடுக்கிறது. அம்முடிவுகளை எடுப்பதற்குரிய கட்டளைகளே நிரல். நிரலில் நேரும் ஒரு பிழை திரையில் தோன்றும் எழுத்துப் பிழை போன்று நின்றுவிடாது. சாலையில் செல்லும் ஓர் உயிரோடு தொடர்புடையதாகிவிடும். ஆதலால் வண்டியைச் சோதிப்பது போன்றே நிரலையும் சோதிக்க வேண்டியுள்ளது.

நிரல்பெயர்ப்பி என்பது யாது?

பொறியாளர்கள் சி, சி++ போன்ற மொழிகளில் நிரலை எழுதுகின்றனர். இதனை மூல நிரல் என்பர். கணினியின் மையச் செயலிக்கு இம்மொழி தெரியாது. சுழியமும் ஒன்றுமாக அமைந்த இயந்திர மொழியே தெரியும். மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. தொழில்துறையினர் இதனைக் கம்பைலர் என்று வழங்குவர்.

அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் 1952இல் உருவாக்கிய ஏ-0 என்னும் அமைப்பு இத்துறையின் முன்னோடி. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழிக்கான பெயர்ப்பியை வெளியிட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் ஜி.சி.சி. என்னும் கட்டற்ற பெயர்ப்பியை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் அத்வே, கிறிஸ் லாட்னர் ஆகியோர் எல்.எல்.வி.எம். என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அதன்மேல் எழுந்த சி மொழிப் பெயர்ப்பி கிளாங் எனப்படுகிறது. இன்று உலகில் பெரிதும் வழங்கும் பெயர்ப்பிகளுள் ஜி.சி.சி.யும் கிளாங்கும் குறிப்பிடத்தக்கவை. ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் இயக்க முறைமை 2014இல் வெளிவந்த தன் பத்தாம் பதிப்பில் ஜி.சி.சி.யை விடுத்துக் கிளாங்கை ஏற்றுக்கொண்டது.

புதிய செயலி வாங்கப்படுதல், பழைய பெயர்ப்பிக்குப் பராமரிப்பு நின்றுபோதல், உரிமக் கட்டணம் மிகுதல், விரைவான இயந்திர மொழி தேவைப்படுதல் முதலிய காரணங்களால் ஒரு நிறுவனம் தன் பெயர்ப்பியை மாற்றுகிறது. மாற்றும்போது மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கலாம். ஆயினும் வண்டிக்குள் செல்லும் இயந்திர மொழி முழுவதும் புதியது.

சோதனைப் பரப்பு

ஓர் ஊரின் குடிநீர்க் குழாய்களைச் சோதிக்கும் பணியாளர் எத்தனை தெருக்களுக்குச் சென்றார் என்பதைக் கணக்கிடலாம். நூறு தெருக்களில் எண்பதுக்குச் சென்றிருந்தால் அவர் கண்ட பரப்பு 80 விழுக்காடு. எஞ்சிய இருபது தெருக்களில் குழாய் உடைந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. நிரலிலும் இவ்வாறே, சோதனைகள் ஓடும்போது நிரலின் எந்தெந்தப் பகுதிகள் இயங்கின என்பதை அளப்பது சோதனைப் பரப்பு ஆகும். கோட் கவரேஜ் என்று தொழில்துறையினர் கூறுவது இதனையே. ஜோன் மில்லர், கிளிஃபர்டு மலோனி ஆகிய இருவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்று.

மின் ஸ்கூட்டர் ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலோ, பிரேக் பிடிக்கப்படாமல் இருந்தாலோ மோட்டார் இயங்கத் தொடங்கக் கூடாது. இதற்கான எளிய செயற்கூறு பின்வருமாறு அமையும்.

1. அனுமதி = ஆம்
2. சைடு ஸ்டாண்டு இறங்கியுள்ளது அல்லது பிரேக் பிடிக்கப்படவில்லை எனில்
3. அனுமதி = இல்லை
4. அனுமதியைத் திருப்பி அனுப்பு

முதற் சோதனையில் ஸ்டாண்டு இறங்கியுள்ளது, பிரேக் பிடிக்கப்பட்டுள்ளது. நான்கு வரிகளும் இயங்குகின்றன. வரிகளின் பரப்பு 100 விழுக்காடு. ஆனால் இரண்டாம் வரியின் முடிவு ‘இல்லை’ என வரும் வழி ஒருமுறையும் சோதிக்கப்படவில்லை. அதாவது, வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்புமா என்பதே அறியப்படவில்லை. முடிவுகளின் கணக்கில் இரண்டில் ஒன்றே நிகழ்ந்ததால் பரப்பு 50 விழுக்காடு.

இரண்டாம் சோதனையில் ஸ்டாண்டு மேலே உள்ளது, பிரேக் பிடிக்கப்பட்டுள்ளது. இப்போது முடிவுகளின் பரப்பும் 100 விழுக்காடாகிறது. எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஸ்டாண்டு மேலே இருக்க, பிரேக் பிடிக்கப்படாத நிலை இதுவரை வரவே இல்லை. பிரேக்கின் குறிப்பைத் தவறான எண்ணோடு ஒப்பிட்டு நிரலை எழுதியிருந்தால், ‘பிடிக்கப்படவில்லை’ என்னும் நிலையை நிரல் என்றும் உணராது. அப்பிழை இவ்விரு சோதனைகளிலும் அகப்படாது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் முறுக்குப்பிடியைக் குழந்தை ஒன்று திருகினால், பிரேக் பிடிக்காமலேயே வண்டி பாய்ந்துவிடும்.

மூன்றாம் சோதனையில் ஸ்டாண்டு மேலே உள்ளது, பிரேக் பிடிக்கப்படவில்லை. இதனைச் சேர்த்தபின், ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகவே முடிவை மாற்ற வல்லது என்பது மெய்ப்பிக்கப்படுகிறது. முதற் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் ஸ்டாண்டு மட்டுமே வேறுபாடு, முடிவு மாறுகிறது. இரண்டாம் சோதனைக்கும் மூன்றாம் சோதனைக்கும் பிரேக் மட்டுமே வேறுபாடு. அப்போதும் முடிவு மாறுகிறது. இவ்வாறு அளப்பதைத் திருத்திய நிபந்தனை–முடிவுப் பரப்பு என்பர். ஐந்து நிபந்தனைகள் இருந்தால் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 32 சோதனைகள் வேண்டும். இம்முறையில் குறைந்த அளவாக ஆறு சோதனைகளே போதுமானவை.

தெரிந்து தெளிவோம்

வானூர்தி மென்பொருளுக்கென 1992இல் வெளிவந்த டி.ஓ.-178பி என்னும் வழிகாட்டி, உயிரிழப்பை விளைவிக்கவல்ல மிக உயர்ந்த நிலை மென்பொருளுக்குத் திருத்திய நிபந்தனை–முடிவுப் பரப்பைக் கட்டாயமாக்கியது. சாலை வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2011இல் பயணியர் கார்களுக்கென வெளிவந்தது. 2018இல் வந்த இரண்டாம் பதிப்பு சரக்குந்துகளையும் பேருந்துகளையும் மோட்டார் சைக்கிள்களையும் உள்ளடக்கியது. தீங்கின் அளவு மிகும்தோறும் கடுமையான பரப்பளவையை அது வலியுறுத்துகிறது.

எண்ணுபவர் யார்?

நிரலின் எப்பகுதி இயங்கியது என்பதை அறிய, அதனுள் எண்ணிகள் பொருத்தப்படுகின்றன. சாலை சந்திப்புகளில் ஆட்களை அமர்த்தி வண்டிகளை எண்ணுவது போன்றது இது. ஒரு சந்திப்பிற்குள் 100 வண்டிகள் வந்து, அவற்றுள் 60 இடப்புறம் திரும்பினால் எஞ்சிய 40 வலப்புறம் சென்றன எனக் கணக்கிட்டு அறியலாம். வலப்புறத்தில் தனியே ஆள் வேண்டுவதில்லை. ஜி.சி.சி.யோடு வரும் ஜிகோவ் என்னும் கருவி, இவ்வாறு சில வழிகளில் மட்டும் எண்ணி ஏனையவற்றைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

இவ்வெண்ணிகளைப் பொருத்துவது பெரும்பாலும் நிரல்பெயர்ப்பியே. ஆதலால் அளப்பவரும் பெயர்ப்பவரும் ஒருவரே ஆகின்றனர். பெயர்ப்பியை மாற்றும்போது அளவுகோலும் உடன் மாறிவிடுகிறது. இதுவே இப்பொருளின் உயிர்நாடி.

முற்காலத்தில் கேழ்வரகைப் படியால் அளந்தனர். பின்னர்க் கிலோ வந்தது. குவியல் அதுவே; எண் மட்டும் வேறு. படிக்கணக்கையும் கிலோக்கணக்கையும் அருகருகே எழுதி, விளைச்சல் குறைந்தது என்று ஓர் உழவர் வருந்தினால் அவ்வருத்தம் பொருளற்றது. அதே வேளையில், அளவை மாறிய குழப்பத்தைப் பயன்படுத்தி ஒருவர் சிறிது தவசத்தை எடுத்துச் சென்றிருந்தால், அது மெய்யான இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பெயர்ப்பியை மாற்றுவோர் செய்ய வேண்டிய பணி.

எண் மாறுவதற்கான காரணங்கள்

முதற்காரணம், எதனை எண்ணுவது என்னும் விதி. ஜிகோவ் கருவி, பெயர்ப்பி தனக்குள் வரைந்துகொள்ளும் வழிப்படத்தின் கிளைகளை எண்ணி, அவற்றை மூல நிரலின் வரிகளோடு பொருத்துகிறது. கிளாங் வழங்கும் மூலம் சார்ந்த பரப்பளவையோ, மூல நிரலின் இலக்கண அமைப்பை அடியாகக் கொண்டு எண்ணுகிறது. ஆகவே எவ்வரி கணக்கில் சேரும், எது சேராது என்பதில் இரண்டும் வேறுபடலாம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு கோப்பில் 50 வரிகள் உள்ளன. அவற்றுள் 10 வரிகள், எங்கும் அழைக்கப்படாத ஒரு சிறு செயற்கூறுக்கு உரியவை. அழைக்கப்படாததால் முதற் பெயர்ப்பி அதனை இயந்திர மொழிக்கு மாற்றவே இல்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை. 40 வரிகளில் 36 இயங்கின. பரப்பு 90 விழுக்காடு. இரண்டாம் பெயர்ப்பி அந்தப் பத்து வரிகளையும் கணக்கில் சேர்த்து, இயங்காதவை எனக் குறிக்கிறது. 50 வரிகளில் 36 இயங்கின. பரப்பு 72 விழுக்காடு. சோதனை ஒன்றும் குறையவில்லை, நிரலும் கெடவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மாறியது.

இரண்டாம் காரணம், செம்மையாக்கம். இயந்திர மொழி விரைவாக இயங்கும்பொருட்டுப் பெயர்ப்பி வரிகளை இணைக்கும், இடம் மாற்றும், தேவையற்றதை நீக்கும். மேலே கண்ட ஸ்கூட்டர் செயற்கூறில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒரு பெயர்ப்பி அவற்றை இரண்டு கிளைச்சந்திப்புகளாக அமைத்தால், எண்ண வேண்டிய வழிகள் நான்கு. முதல் இரு சோதனைகளில் அவற்றுள் மூன்று மட்டுமே நிகழும்; பரப்பு 75 விழுக்காடு. மற்றொரு பெயர்ப்பி இரண்டையும் ஒரே கணக்காகச் சேர்த்து ஒரே சந்திப்பாக்கினால், வழிகள் இரண்டு, இரண்டும் நிகழ்ந்தன, பரப்பு 100 விழுக்காடு. அதே நிரல், அதே சோதனைகள். ஆயினும் நூறு என்னும் எண், குழந்தை திருகும் முறுக்குப்பிடியை மறைத்துவிடுகிறது. பரப்பை அளக்கும்போது செம்மையாக்கத்தை நிறுத்திவைக்குமாறு அறிவுறுத்தப்படுவது இக்காரணம் பற்றியே.

மூன்றாம் காரணம், பெயர்ப்பிக்கேற்ப மாறும் நிரற்பகுதிகள். ‘இன்ன பெயர்ப்பி எனில் இவ்வரிகளைக் கொள்க, அன்றேல் அவ்வரிகளைக் கொள்க’ என மூல நிரலிலேயே குறிப்புகள் இருக்கும். பெயர்ப்பி மாறியதும் அதுவரை உறங்கிக் கிடந்த வரிகள் விழித்துக்கொள்கின்றன. அவற்றைப் பழைய சோதனைகள் ஒருபோதும் தொட்டதில்லை. இங்கே பரப்பு குறைவது மெய்யான எச்சரிக்கை.

நான்காம் காரணமே மிகவும் கருதத்தக்கது. அது நிரலின் நடத்தையே மாறுதல். சி மொழியின் இலக்கணம் சிலவற்றைப் பெயர்ப்பியின் விருப்பத்திற்கு விட்டுள்ளது. எட்டு பிட் அளவுள்ள ‘சார்’ என்னும் தரவினம் குறை எண்களை ஏற்குமா என்பது அவற்றுள் ஒன்று. மேசைக்கணினியின் செயலிக்கான பெயர்ப்பிகள் பொதுவாக ஏற்கும். ஆர்ம் வகைச் செயலிக்கான பெயர்ப்பிகள் பல ஏற்பதில்லை. மின்கலத்தின் வெப்பம் −5 பாகை என்பதை இத்தரவினத்தில் வைத்தால், முதலாவதில் −5 என்றே இருக்கும்; இரண்டாவதில் 251 ஆகிவிடும். ‘வெப்பம் சுழியத்திற்குக் கீழ் எனில் மின்னேற்றத்தை நிறுத்து’ என்னும் கிளை இரண்டாவதில் ஒருபோதும் நிகழாது. ஓசூரின் இதமான தட்பவெப்பத்தில் இப்பிழை வெளிப்படாது. அங்கே செய்யப்பட்ட வண்டி லடாக்கின் குளிர்காலத்தில் நிற்கும்போதுதான் வெளிப்படும்.

எண் கூடுவதும் ஐயத்திற்குரியதே

பரப்பு குறைந்தால் எவரும் கவலை கொள்வர், கூடினால் மகிழ்வர். ஆனால் மேற்கண்ட வெப்பக் கிளையின் கதை வேறொன்றைக் கற்பிக்கிறது. பழைய பெயர்ப்பியில் 20 கிளைவழிகள் இருந்தன. குளிர்நிலை வழியைத் தவிர 19 வழிகள் சோதிக்கப்பட்டன. பரப்பு 95 விழுக்காடு. குறை எண்ணே வராத தரவினம் சுழியத்திற்குக் கீழ் இறங்காது என்பதைப் புதிய பெயர்ப்பி கண்டறிந்து, அந்த ஒப்பீட்டையே நீக்கிவிடுகிறது. அதனுடைய இரண்டு வழிகளும் மறைகின்றன. எஞ்சிய 18 வழிகளும் சோதிக்கப்பட்டவை; பரப்பு 100 விழுக்காடு.

அறிக்கையில் ஐந்து விழுக்காடு உயர்ந்துள்ளது. வண்டியிலோ ஒரு பாதுகாப்பு அழிந்துள்ளது. ‘இங்கே ஒரு தெரு சோதிக்கப்படவில்லை’ என்று பழைய அறிக்கை நேர்மையாகக் கூறியது. புதிய அறிக்கையில் அந்தத் தெருவே வரைபடத்தில் இல்லை. எனவே எண் எத்திசையில் மாறினாலும் காரணம் காண வேண்டும்.

வண்டிக்குள் அளப்பதன் இடர்கள்

மேசைக்கணினியில் ஓடும் நிரல் ஒரு கட்டத்தில் முடிவடையும். ஜிகோவ் போன்ற கருவிகள் நிரல் முடியும்போதே எண்ணிகளின் கணக்கைக் கோப்பில் எழுதும். வண்டியின் கட்டுப்பாட்டு நிரலுக்கு முடிவு என்பதே இல்லை. மின்சாரம் உள்ளவரை அது சுழன்றுகொண்டே இருக்கும். கோப்பை வைக்கும் இடமும் பெரும்பாலும் அதில் இராது. ஆதலால் கணக்கை வெளியே எடுப்பதற்கெனத் தனி ஏற்பாடு தேவை. இவ்வேற்பாடு பெயர்ப்பிக்குப் பெயர்ப்பி வேறுபடும். ஒரு பதிப்பின் பெயர்ப்பி எழுதிய பதிவை வேறொரு பதிப்பின் கருவி படிக்க இயலாமல் போவதும் உண்டு.

எண்ணிகளும் இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் விடை தர வேண்டிய நிரல், எண்ணிகளின் சுமையால் தாமதிக்கலாம். எண்ணிகள் சேர்க்கப்பட்ட நிரல், வாங்குபவர் கையில் சேரும் நிரல் அன்று. எண்ணிகளால் சோதனை முடிவுகள் மாறவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. 26262 குறிப்பிடுகிறது. எண்ணிகள் இல்லாத நிரலிலும் அதே சோதனைகளை மீண்டும் நிகழ்த்துவதே அதற்கு வழி.

பெயர்ப்பியும் பிழை செய்யும்

பெயர்ப்பியும் மனிதர் எழுதிய மென்பொருளே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிஸ்மித் என்னும் கருவியை உருவாக்கினர். தன்போக்கில் சி நிரல்களை எழுதிப் பெயர்ப்பிகளுக்குக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் பணி. 325க்கும் மேற்பட்ட பிழைகளைப் பெயர்ப்பிகளில் கண்டு தெரிவித்ததாக அவர்கள் 2011இல் வெளியிட்டனர். ஆராயப்பட்ட ஒவ்வொரு பெயர்ப்பியும் சரியான நிரலுக்குத் தவறான இயந்திர மொழியை ஒருமுறையேனும் தந்தது.

பழைய சூழலில் தேறியது புதிய சூழலிலும் தேறும் என்று கொள்வதன் விலையை உலகம் ஒருமுறை கண்டுள்ளது. 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாக ஏவப்பட்டது. ஏரியான் 4இல் நன்கு இயங்கிய திசையறி மென்பொருளே அதிலும் வைக்கப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகம் பழையதைவிட மிகுதி. 64 பிட் மிதப்புப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, அது 32,767 என்னும் எல்லையைக் கடந்தது. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் இரண்டும் செயலிழந்தன. ஏறத்தாழ நாற்பது நொடிகளில் ஏவூர்தி சிதறியது. இங்கே மாறியது பெயர்ப்பி அன்று, ஏவூர்தி. எனினும் பாடம் ஒன்றே: நிரல் மாறாவிட்டாலும் அது வாழும் சூழல் மாறினால் சோதனை மீண்டும் தொடங்க வேண்டும்.

மாற்றும் முறை

பெயர்ப்பியை மாற்றும்போது பின்பற்றத்தக்க ஒழுங்கு எளியது. முதலில், பழைய பெயர்ப்பியில் எல்லாச் சோதனைகளையும் நிகழ்த்தி, முடிவுகளையும் பரப்பையும் பதிந்து வைக்க வேண்டும். அடுத்து, பெயர்ப்பியை மட்டும் மாற்ற வேண்டும். அதே நாளில் நிரலையும் சோதனைகளையும் திருத்தினால், எம்மாற்றம் எதனால் வந்தது என்பது புலப்படாது. அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பதும் இக்கருத்தே.

மூன்றாவதாக, சோதனை முடிவுகளையே முதலில் ஒப்பிட வேண்டும், பரப்பு அதன்பின்னரே. தவறான விடை தரும் வரி இயங்கியது என்று அறிந்து பயனில்லை. நான்காவதாக, மொத்த விழுக்காட்டை ஒப்பிடாமல் வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒரு கோப்பில் கூடியதும் மற்றொன்றில் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தம் மாறாதது போலத் தோன்றலாம். ஐந்தாவதாக, காணப்பட்ட ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் காரணம் எழுத வேண்டும். எண்ணும் விதியால் வந்ததா, புதிதாக விழித்த வரியால் வந்ததா, நடத்தை மாறியதால் வந்ததா எனப் பகுக்க வேண்டும். முதல்வகைக்கு விளக்கம் போதும். இரண்டாம் வகைக்குப் புதிய சோதனை வேண்டும். மூன்றாம் வகைக்கு நிரலையே திருத்த வேண்டும். இறுதியாக, புதிய அளவைப் புதிய அடிக்கோடாகக் கொண்டு, அன்றைய நாளையும் பெயர்ப்பியின் பதிப்பையும் உடன் குறிக்க வேண்டும்.

இவ்வொழுங்கைக் குலைப்பது பெரும்பாலும் அறியாமை அன்று, அவசரம். 90 இருந்த இடத்தில் 72 என்று வந்தால் கேள்வி எழும். அக்கேள்வியைத் தவிர்க்க, இயங்காத வரிகளைக் கணக்கிலிருந்து விலக்கலாம். விடையைச் சரிபார்க்காமல் வரிகளை வெறுமனே ஓடச் செய்யும் சோதனைகளையும் எழுதலாம். எண் மீண்டும் 90 ஆகும். அளவுக்காக அளவைக் காக்கும் இச்செயல், காய்ச்சலைக் குறைக்க வெப்பமானியைக் குளிர்நீரில் இடுவதற்கு ஒப்பாகும்.

பரப்பு கூறாதவை

முழுப் பரப்பும் நிரல் பிழையற்றது என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு வரி இயங்கியது என்பதையே அது கூறும். சரியாக இயங்கியது என்பதைச் சோதனையின் ஒப்பீடே கூறும். எழுதப்படாமல் விடுபட்டதையும் அது காட்டாது. சைடு ஸ்டாண்டைப் பற்றிய நிபந்தனையையே எழுத மறந்த நிரலும் 100 விழுக்காடு பெறக்கூடும். பரப்பு என்பது சோதிக்கப்படாத இடத்தைக் காட்டும் விளக்கு. விளக்கின் ஒளி விழுந்த இடத்தை ஆராய்வது மனிதரின் கடமை.

மத்திகிரியைச் சூழ்ந்த தொழிற்சாலைகளின் வாயிலில் பணிமுடிந்து வெளியேறுவோர் பலர், தம் ஊரில் உருவான வண்டியிலேயே வீடு திரும்புகின்றனர். நிரலைச் சோதிப்பவருக்கும் அவ்வண்டியில் செல்பவருக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. அறிக்கையில் ஓர் எண்ணை எழுதும் முன், அது எதனை எண்ணியது, யார் எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்னும் மூன்று வினாக்களைக் கேட்பவரே பொறியியலாளர் என்னும் பெயருக்கு உரியவர். அவ்வினாக்கள் நிரலுக்கு மட்டும் உரியன அல்ல. நாளிதழில் காணும் விழுக்காடு, தேர்ச்சி அறிக்கையின் சதவீதம், கடைக்காரரின் தராசு ஆகிய அனைத்திற்கும் பொருந்துவன.

கலைச்சொல் அறிவோம்

நிரல்பெயர்ப்பி – கம்பைலர்
மூல நிரல் – சோர்ஸ் கோட்
சோதனைப் பரப்பு – கோட் கவரேஜ்
செம்மையாக்கம் – ஆப்டிமைசேஷன்
எண்ணி – கவுன்ட்டர்

கற்பவை கற்றபின்...

1. மிதிவண்டிப் பூட்டு, மின்தூக்கி, தானியங்கிப் பணப்பொறி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது இயங்குவதற்கான இரண்டு நிபந்தனைகளை எழுதி, தேவையான மூன்று சோதனைகளை அட்டவணைப்படுத்துக.

2. நாளிதழ்களில் வெளிவந்த விழுக்காட்டுச் செய்திகள் ஐந்தைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் வகுக்கும் எண் எது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. சோதனைப் பரப்பு என்பது யாது?
2. செம்மையாக்கம் என்றால் என்ன?

சிறுவினா

1. 40 வரிகளில் 36 இயங்கிய நிரலின் பரப்பு, நிரல் மாறாமலேயே 72 விழுக்காடானது எவ்வாறு?
2. ஏரியான் 5 நிகழ்வு உணர்த்தும் பாடத்தை எழுதுக.

நெடுவினா

‘எண் கூடுவதும் ஐயத்திற்குரியதே’ என்னும் கருத்தை மின்கல வெப்ப எடுத்துக்காட்டின் வழி நிறுவுக.